பிஸ்டனில் விழுந்த ஓட்டை

1

நான் வேலை பார்க்கும் பெட்ரோல் நிலையம் பர்மிங்காமிலிருந்து தெற்கே போகும் சாலையில் இருக்கிறது. நான்கு பம்புகள். ஒவ்வொன்றின் முகத்திலும் நட்சத்திரங்கள் வரைந்திருக்கும்: இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நட்சத்திரம் கூடக் கூட விலையும் கூடும். சேர்ந்த புதிதில் அது வசதியுள்ளவர் பெட்ரோல், இல்லாதவர் பெட்ரோல் என்ற பிரிவு என்றே நினைத்திருந்தேன். நம் ஊர் ரயிலில் வகுப்புகள் இருப்பதுபோல.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, தரையோடு தரையாக இருக்கும் ஒரு சிவப்புக் காரில் ஓர் இளைஞன் வந்தான். இரண்டு நட்சத்திரத்தில் நிரப்பச் சொன்னான். குழாயை எடுத்து டேங்கின் வாயில் வைக்கப் போனேன். உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த முதலாளி ஹாரிஸ், கோப்பையோடு வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

"எஞ்சினில் ஏதாவது செய்திருக்கிறாயா?" என்று அவனைக் கேட்டார்.

"அழுத்தம் கூடட்டும் என்று ஹெட்டை இழைத்திருக்கிறேன்," என்றான் அவன், பெருமையாக. "நானேதான் செய்தேன்."

"அப்படியானால் ஐந்து நட்சத்திரம் போடு. இல்லையென்றால் வேறு இடம் பார். என் பெட்ரோலால் பிஸ்டன் உருகியது என்று நாளைக்கு இங்கே வந்து நிற்கக் கூடாது."

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஐந்து போட்டுக்கொண்டு போனான். ஏன் என்று ஹாரிஸைக் கேட்டேன். பம்பின் மேல் சாய்ந்துகொண்டு சொன்னார். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை எஞ்சின் முதலில் அழுத்துகிறது, பிறகு பொறி வைக்கிறது. அதிகம் அழுத்தினால் அதே பெட்ரோலில் அதிக வலு கிடைக்கும். ஆனால் மட்டமான பெட்ரோல் அவ்வளவு அழுத்தத்தையும் சூட்டையும் தாங்காது. பொறி வைத்துப் பரவவேண்டிய நெருப்புக்குக் காத்திராமல் தானாகவே வெடித்துவிடும். அந்த அடி பிஸ்டனின் தலையில் சம்மட்டிபோல விழும். வெளியே நமக்குக் கேட்கும் 'தட்டல்' அதுதான். அதைப் பொருட்படுத்தாமல் மேலும் அழுத்தி ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

"நல்ல பெட்ரோல் கிடைக்காத ஊராக இருந்தால்?"

"பொறி வைக்கும் நேரத்தைப் பின்னால் தள்ளவேண்டும். அல்லது ஹெட்டுக்கு அடியில் தடித்த தகடு போட்டு அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். இழுவை குறையும், எஞ்சின் பிழைக்கும். இங்கே பள்ளிக்கூடப் பையன்களுக்குத் தெரியும் இது."

சொல்லிவிட்டுத் தேநீர் ஆறுகிறது என்று உள்ளே போய்விட்டார். நான் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றேன். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

எனக்கு வந்தது வியப்பு அல்ல, கோபம். இந்தக் குறிப்புகளைப் படிப்பவர்கள் அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

2

எங்கள் ஊர் இருந்த இடத்தில் இப்போது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு அதை அளந்து ஈடு கொடுத்தார்கள். அதே நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்துப் பிடுங்கிய எங்களிடம் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே கொடுப்பதற்கும் ஒன்றும் இல்லை என்று ஆயிற்று. எங்கள் தெருக்காரர்கள் அருகிலிருந்த வடக்குத்து கிராமத்துப் பக்கம் வந்து குடிசை போட்டுக்கொண்டு, காண்ட்ராக்டில் மண் வெட்டப் போனார்கள். சொந்த ஊரைத் தோண்டும் வேலையைக் கூலிக்குச் செய்தார்கள்.

அண்ணன் மட்டும் மண்வெட்டி பிடிக்கவில்லை. பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநர் ஆனவர். சுரங்க வேலையில் ஒரு பகுதியை எடுத்திருந்த தனியார் கம்பெனி ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. நான் அப்போது கடலூரில் ஒரு நாளிதழுக்கு நிருபர்.

சுரங்க ஊழியர்களுக்காகக் கட்டிய டவுன்ஷிப்பில் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பிளாக் எண்ணைச் சொன்னால்தான் யார் வீடு என்று தெரியும். மதுரைக்காரர், கோயமுத்தூர்க்காரர், திருநெல்வேலிக்காரர் என்று வந்த எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல் 'பர்மனென்ட்'. அண்ணி சொல்வார்: "பொண்ணு குடுக்கறவங்க மாப்ளைக்குக் கண்ணு தெரியுமான்னு கூடக் கேக்கறதில்ல. பர்மனென்டான்னுதான் கேக்கறாங்க."

அண்ணனுக்கும் அந்த வாய்ப்பு வந்திருந்தது. டவுன்ஷிப்பின் மோட்டார் பிரிவு ஓட்டுநர்களை நிரந்தரமாக எடுக்கவிருந்தது. அண்ணனின் பெயர் போயிருந்தது. இப்போது வேலை பார்க்கும் இடத்தில் நன்னடத்தை என்று ஒரு சொல் கிடைத்தால் போதும். அந்தச் சொல்லைக் கொடுக்கவேண்டியவர் கம்பெனியின் மேனேஜர்.

அவருடைய காரைத்தான் அண்ணன் ஓட்டினார்.

3

அது வெளிநாட்டுக் கார். சுரங்க இயந்திரங்களைப் பூட்டித் தர வந்திருந்த ஒரு வெளிநாட்டு எஞ்சினியர், தன் நாட்டுக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. நீண்ட மூக்கு, உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் இருக்கைகள். அண்ணன் அதைப் பற்றிப் பேசும்போது அண்ணி எழுந்து போய்விடுவார்.

"வண்டியாடா அது? இப்பத்தான் மிதிச்சேன்னு நெனச்சிக்கினு இருப்பேன், கடலூரு வந்துடும்," என்பார் அண்ணன்.

ஆனால் வேகமெடுக்கும்போது எஞ்சின் தட்டியது. "தகர டப்பால சோழியப் போட்டுக் குலுக்கறாப்புல ஒரு சத்தம். மெதுவாப் போனா இல்ல. அழுத்துனா வருதுடா."

நெய்வேலியில் அந்தச் சத்தத்துக்கு ஒரே பொருள்தான். ஓட்டுநர் பெட்ரோலை விற்றுவிட்டு, டேங்கில் மலிவான கிருஷ்ணாயிலை, அதாவது மண்ணெண்ணெயை, கலந்திருக்கிறார். அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்களுடைய வண்டிகளும் இப்படித்தான் தட்டின. ஷெட்டில் மற்ற ஓட்டுநர்கள் அண்ணனைக் கிண்டல் செய்தார்கள்.

"இன்னாண்ணே, வூட்டு வெளக்குக்கு வாங்குனதுல மீந்துபோச்சா?"

"வெளக்கு எரியறது உன் வூட்டுல. என் வூட்டுல இருட்டுதான்டா," என்று அண்ணனும் பதில் கொடுப்பார். அந்தச் சமயத்தில் அது சிரிப்பாக இருந்தது.

மறைக்க எதுவும் இல்லாததால் அவரே மேனேஜரிடம் போய், வண்டி தட்டுகிறது என்று சொன்னார். மேனேஜர் பானெட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"எஞ்சின் காஞ்சு போயிருக்கு. ஸ்கூட்டருக்கு ஊத்தற மாதிரி பெட்ரோல்ல கொஞ்சம் ஆயில் கலந்து விடுய்யா."

டவுன்ஷிப்பில் அதிகாரிகள் எல்லோரும் ஸ்கூட்டரில் தொடங்கியவர்கள். ஸ்கூட்டருக்குப் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துதான் ஊற்றவேண்டும். அதை வைத்தே எல்லா எஞ்சின்களையும் அறிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள்.

"இது ஸ்கூட்டரு இல்லீங்களே ஐயா," என்றார் அண்ணன்.

"அப்படியா? நீ எந்த காலேஜ்ல படிச்சே?"

அண்ணன் ஊற்றினார். தட்டல் குறையவில்லை, கொஞ்சம் கூடியது. சொன்னபோது, "கூட ஊத்து," என்று பதில் வந்தது. ஆயில் சேரச் சேரப் பெட்ரோலின் தாங்கும் சக்தி இன்னும் குறையும் என்பதை ஹாரிஸ் எனக்குப் பிறகு சொன்னார். வண்டிக்கு ஆகாத பெட்ரோலை இன்னும் ஆகாததாக்கி ஓட்டியிருக்கிறார்கள்.

ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த விருந்தினரை ரயில் ஏற்றிவிடப் புறப்பட்டார்கள். நேரமாகிவிட்டது. பின்சீட்டிலிருந்து மேனேஜர், "அழுத்துய்யா, அழுத்து," என்று சொல்லிக்கொண்டே வந்தார். முந்திரித் தோப்புகளுக்கு நடுவில், பண்ருட்டிக்கு இந்தப் பக்கம், வண்டி திடீரென்று வலு இழந்தது. பின்னால் நீலப் புகை. விருந்தினர் பெட்டிகளோடு பஸ்ஸுக்காகச் சாலையில் நின்றார்.

எஞ்சினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. ஓரங்கள் மெழுகைப்போல உருகியிருந்தன.

4

விசாரணை நடந்தபோது நான் அங்கே இல்லை. பிறகு அண்ணனைக் கேட்டேன். அங்கிருந்த ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசரைத் தனியே கேட்டேன். இருவர் சொன்னதும் பொருந்தியது. பொருந்தியதை மட்டும் எழுதுகிறேன்.

மேனேஜர், கணக்கர், சூப்பர்வைசர் மூவரும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அண்ணன் நின்றார். பெட்ரோலில் கலப்பு இருக்கவேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னார். சோதிக்கலாம் என்றார் கணக்கர். டேங்கிலிருந்து பெட்ரோல் எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் சில சொட்டுகள் விட்டார்கள். சுத்தமான பெட்ரோல் சுவடே இல்லாமல் காய்ந்துவிடும். இது காய்ந்தது, கறை நின்றது.

"என்னய்யா இது?" என்று கணக்கர் கேட்டார்.

"ஆயிலுங்க. ஐயாதான் ஊத்தச் சொன்னாருங்க."

மேனேஜர் அண்ணனைப் பார்க்கவில்லை. மற்ற இருவரையும் பார்த்து, "என் வண்டிக்கு நானே வெடி வைப்பேனா?" என்றார். கணக்கர் சிரித்தார். சூப்பர்வைசரும் சிரித்தார். பிறகு என்னிடம் பேசும்போது அந்தச் சிரிப்பை அவர் மறைக்கவில்லை. "எல்லாரும் சிரிச்சாங்க சார், நான் மட்டும் எப்படி உம்முன்னு இருக்கறது?" என்றார்.

இங்கே பர்மிங்காமில், குளிர்காலத்தில் எங்கள் பெட்ரோல் நிலையத்தில் கிருஷ்ணாயிலும் விற்கிறோம். அறையைச் சூடாக்கும் அடுப்புகளுக்கு. பாரஃபின் என்பது இங்கே அதற்குப் பெயர். வந்த புதிதில் ஒரு கிழவி பாரஃபின் கேட்க, மெழுகைத்தான் கேட்கிறாள் என்று நான் மெழுகுவத்தி எடுத்துக் கொடுத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கத்தவர் எல்லாம் வந்துவிட்டார்கள். எங்கள் வாடகை அறையிலும் அதே அடுப்புதான். கோட்டிலும் தலையணையிலும் மகளின் பள்ளிப் புத்தகங்களிலும் கிருஷ்ணாயில் வீசும். மூக்கு உள்ளவர் எவரும் அந்த வாசனையைத் தவறவிட முடியாது. அன்று அந்த மேசையைச் சுற்றி மூன்று மூக்குகள் இருந்தன. ஒன்றுகூடத் தாளின் பக்கம் குனியவில்லை. மோந்து பார்த்திருந்தால் கறை வெறும் ஆயில் என்று தெரிந்திருக்கும். தெரிவது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

அண்ணனை அன்றே நிறுத்தினார்கள். மோட்டார் பிரிவின் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது அங்கிருந்தவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "அந்தக் கிருஷ்ணாயில் கேஸ் நீதானா?" என்றார். அத்தோடு முடிந்தது. ஊரில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. குழந்தைகள்கூட அதைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டன. அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

நான் அலைந்தேன். கம்பெனி அலுவலகத்தில், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். இது சென்னைத் தலைமை அலுவலகம் பார்க்கவேண்டியது என்றார்கள். சென்னையில், இது அந்தந்த இடத்து மேனேஜரின் பொறுப்பு என்றார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் ஒருவர் கனிவாகவே பேசினார்: "காண்ட்ராக்ட் ஆளுங்க எங்க கணக்குல வரமாட்டாங்க தம்பி." என் பத்திரிகை ஆசிரியர் கேட்டார்: "ஒரு டிரைவருக்கு வேலை போனது செய்தியா?" செய்தி இல்லைதான். டவுன்ஷிப்பில் ஒரு கூட்டரங்கம் திறந்தது செய்தி. அதை நான்தான் எழுதினேன்.

பிறகு இங்கே வந்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஓர் அம்மாள் என் தொழில் என்ன என்று கேட்டாள். பத்திரிகைக்காரன் என்றேன். எந்த மொழியில் என்றாள். சொன்னேன். 'தொழில் தெரியாதவர்' என்று எழுதிக்கொண்டாள்.

5

சென்ற பொங்கலுக்கு இங்குள்ள தமிழர்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். பால் பொங்கி வழிந்தால் அடுப்பு அழுக்காகும் என்று மண்டபக் காவலர் சொல்லிவிட்டதால், பெண்கள் கரண்டியோடு நின்று பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அதிகாரி பயிற்சிக்காக வந்திருப்பதாகவும், அவரே சிறப்பு விருந்தினர் என்றும் செயலாளர் அறிவித்தார். பெயரைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனின் மேனேஜர்.

அவர் என்னைப் பார்த்ததில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் எதிரே உட்கார்ந்தார். நான் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்ப்பதாக யாரோ சொன்னார்கள். ஹாரிஸ் சொன்ன பிறகு என் மனதில் மூன்று மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்த விஷயத்தை அவரே எடுத்தார்.

"உங்க ஊர்ல நட்சத்திரம் பார்த்து ஊத்தறாங்க, கொடுத்து வச்சவங்க. நான் நெய்வேலிப் பக்கம் இருந்தப்போ ஒரு ஃபாரின் கார் வச்சிருந்தேன். என்ன வண்டிங்கறீங்க! நம்ம பங்க் பெட்ரோல்தான் அதுக்கு ஒத்துக்கலை. வித்தவன் அப்பவே சொன்னான், ஹை கம்ப்ரெஷன் எஞ்சின், பொறி வைக்கற டைமிங்கைக் குறைக்காம ஓட்டாதேன்னு. அவன் மெட்ராஸ்லேருந்து விமானப் பெட்ரோல் வாங்கிக் கலந்து ஓட்டினவன்."

"குறைத்தீர்களா?" என்றேன்.

"குறைச்சா இழுவை போயிடுமே. அதுக்கா அந்த வண்டியை வாங்கறது?" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். "கடைசில பிஸ்டன் ஓட்டை."

"ஆயில் ஊற்றிப் பார்த்தீர்களா?"

"அதுவும் ஊத்தச் சொன்னேன், தட்டல் நிக்கலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிரைவர் என்ன ஆனார்?"

"எந்த டிரைவர்?"

"வடக்குத்துக்காரர். என் அண்ணன்."

அவர் சர்க்கரைப் பொங்கலை ஓர் ஓரமாக ஒதுக்கினார்.

"கம்பெனிப் பணத்துல வாங்கின வண்டி அது," என்றார், மெதுவாக. "ஹெட் ஆபீசுக்கு ஒரு காரணம் சொல்லியாகணும். அப்போ நிலைமை அப்படி. லைசன்ஸ் இருந்ததே, அவருக்கு வேற வேலை கிடைச்சிருக்குமே?"

"பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை மூட்டை தூக்குகிறார்."

"ஓ."

"இப்போது சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்."

"நல்ல நாள்ல இதெல்லாம் எதுக்கு?" என்று அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். "கெஸ்ட்டை வரவழைச்சு அவமானப்படுத்தறதா? உங்களால சங்கத்துக்கே கெட்ட பேர் வந்துடும்," என்றார். அந்த மேசையில் பத்துப் பேராவது இருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் தன் இலைக்குச் சாம்பார் வரவில்லை என்று மட்டும் சொன்னார்.

பிறகு சிறப்பு விருந்தினர் உழைப்பின் பெருமையைப் பற்றிப் பேசினார். கைதட்டல் நாங்கள் வாசலில் கோட்டு மாட்டும்போதும் கேட்டது.

பஸ்ஸில் மகள் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினாள். இப்போதெல்லாம் அப்படித்தான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பெரியப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை.

"அவரே ஒத்துக்கொண்டாரே அப்பா. எல்லோர் முன்னாலும் சொன்னார். இனிமேல் பெரியப்பாவுக்கு அந்த வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் அல்லவா?"

இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வளர்கிற குழந்தைக்கு அப்படித் தோன்றுகிறது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

6

எல்லாவற்றையும் அண்ணனுக்கு எழுதினேன். ஹாரிஸ் சொன்னது, மேனேஜர் சொன்னது, இரண்டையும். இதைப் பத்திரிகையில் எழுதப் போகிறேன், சம்மதமா என்றும் கேட்டேன். அண்ணனின் பதில் பேசுவதுபோலவே எழுதப்பட்டிருந்தது. அப்படியே தருகிறேன்.

"தம்பிக்கு. அவரு தெரிஞ்சே செஞ்சாருன்னு எழுதியிருக்க. ஆயிலு ஊத்தச் சொன்னது அவருதான்னு நான் அன்னிக்கே சொன்னேன். அதுல எனக்குப் புதுசு இல்ல. வண்டி ஏன் தட்டுச்சுங்கறதுதான் புதுசு. இத்தினி வருசமா நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன்னா, அந்தப் பங்க்குல பெட்ரோலு புடிச்சிக் குடுக்கற ஆளுதான் ஏதோ கலந்துட்டான்னு. அவன எங்க பாத்தாலும் மூஞ்சத் திருப்பிக்கினு போவேன். அவன் ஏன்னு கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. நேத்து போயி அவங்கூட டீ குடிச்சிட்டு வந்தேன்.

பேப்பர்ல போடறதுன்னா போடு. அவரு பேரு வேணாம். போட்டா வேற ஒரு ஏழை ஆளு மேல பழியத் தள்ளிடுவாங்க, அவருக்கு ஒண்ணும் ஆவாது. என் பேரப் போடு. ஊருல யாரும் அதச் சொல்றதில்ல, உனக்கே தெரியும். அப்பன் பேரு, ஊரு, செஞ்ச வேல எல்லாம் சேத்து முழுசாப் போடு. முழுசாப் போட்டும் எவனுக்கும் ஆளு தெரியலன்னா, அப்ப வேணா அந்தப் பட்டப்பேரப் பக்கத்துல எழுதிக்க."

பட்டப்பெயரை எழுதவில்லை. வடக்குத்து தங்கவேலுவின் மகன் கோவிந்தராசு, மோட்டார் ஓட்டுநர். அவர் எந்த வண்டியிலும் கிருஷ்ணாயில் ஊற்றியதில்லை. ஆள் யார் என்று தெரியாதவர்கள் வடக்குத்துக்குப் போய், இந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்கட்டும்.